ஒளிந்து எடுத்த பதிவும் ஒற்றைக் கதவுள்ள சட்டமும்

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில், தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த சிம்பாங் அம்பாட்டைச் சுற்றி இப்போது வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்துவிட்டன. பக்கத்திலேயே பத்து காவான் தொழிற்பேட்டை. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. நெரிசலான தொழிலாளர் விடுதி, மழையோடு மழையாகக் கால்வாயில் திறந்துவிடப்படும் கழிவுநீர், சாலையோரத்தில் கைமாறும் பணம் என எதைக் கண்டாலும் முன்போல் ஒரு நிருபரைத் தேடிப் போக வேண்டியதில்லை. மலேசியாகினி செய்தித்தளம் 2008-இலேயே குடிமக்கள் செய்தியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. அன்று சிலர் பயின்று செய்ததை இன்று பயிற்சி இல்லாமலே எல்லாரும் செய்கிறார்கள். ஆனால் அப்படி ஒளிந்து எடுத்த பதிவால் எடுத்தவருக்கு என்ன நேரும் என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்பவர்கள் குறைவு. பொது நலனுக்காகச் செய்ததால் சட்டம் காக்கும் என்று நம்புவோர் ஒரு பக்கம். அனுமதியில்லாமல் எடுத்தாலே குற்றம் என்று பயப்படுவோர் மறுபக்கம். இரு தரப்பும் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பதிவு செய்ததற்காக மட்டும் ஒருவரை மலேசியச் சட்டம் தண்டிப்பது அரிது. அவர் எப்படி உள்ளே போனார், என்ன செய்து எதிராளியைச் சிக்கவைத்தார், பதிவை யாரிடம் கொடுத்தார், எப்படி வெளியிட்டார் என்பவற்றில்தான் ஆபத்து இருக்கிறது. அதைவிடக் கவலைக்குரியது, எதற்காக எடுத்தார் என்ற கேள்வியை நம் சட்டம் ஏறக்குறையக் கேட்பதே இல்லை என்பது.

முதலில் பதிவு செய்யும் செயலை எடுத்துக்கொள்வோம். 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் பிறருடைய தகவல்தொடர்பை இடைமறிப்பதைத் தடுக்கிறது. அதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிக அகலமானது: ஏதாவது ஒரு கருவியால் தகவல்தொடர்பின் உள்ளடக்கத்தைக் கேட்டோ வேறு வகையிலோ பெறுவது. உரையாடலில் தானே ஒரு தரப்பாக இருப்பவர் அதைப் பதிவு செய்வதை இடைமறிப்பு என்று வாதிடுவது கடினம். தன்னிடம் சொல்லப்பட்டதைத்தான் அவர் சேமித்து வைக்கிறார். அறையில் கருவியை விட்டுவிட்டு வெளியேறி, மற்ற இருவர் பேசுவதைப் பிடிப்பவரின் நிலை அப்படியல்ல. அவர் இந்தப் பிரிவுக்கு மிக அருகில் நிற்கிறார். இதோடு தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவரின் மானத்துக்கு இழுக்கு நேரும்படி அவருடைய அந்தரங்கத்தில் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை. 2003-இல் ஒரு சோதனை நடவடிக்கையில் பிடிபட்ட பெண், கழிப்பறைக்குப் போக அனுமதி மறுக்கப்பட்டு லாரியிலேயே சிறுநீர் கழிக்க நேர்ந்தபோது, ரேலா தன்னார்வப் படையைச் சேர்ந்த ஒருவர் அவரைப் படம் எடுத்தார். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது.

தனியுரிமைக்கென்று மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல அந்த உரிமையைக் கட்டி எழுப்பி வருகின்றன. பினாங்கு உயர் நீதிமன்றத்துக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிக்குத் தெரியாமல் அவருடைய அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்த மருத்துவர் மீதான வழக்கில், தனியுரிமையை மீறுவது வழக்குத் தொடரத்தக்க தவறு என்று 2010-இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே காலகட்டத்தில், வழக்கறிஞர் சிவராசா ராசையா வழக்கறிஞர் மன்றத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அரசியலமைப்பின் 5ஆம் விதி உறுதியளிக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் தனியுரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதினார். இதை ஏற்காத உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு. எனவே ஒளிந்து எடுப்பவர், எல்லை எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிய முடியாத நிலையில்தான் எடுக்கிறார். படம் எடுக்கப்பட்ட மேற்சொன்ன இரு வழக்குகளில் ஒன்றை மட்டும் உறுதியாகப் பிரித்தெடுக்கலாம்: அங்கே படம் பிடிக்கப்பட்டது ஒருவரின் உடல், எந்தக் குற்றமும் அல்ல. உடலையும் அந்தரங்கத்தையும் எடுப்பவருக்கு எந்தப் பொது நலனும் துணைக்கு வராது, வரவும் கூடாது.

அதிகாரத்தில் இருப்பவரின் தவறைப் பதிவு செய்வது வேறு. அதற்கு இந்த நாட்டின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு லிங்கம் காணொளி. 2001 டிசம்பரில் வழக்கறிஞர் வி.கே. லிங்கம் தம் வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். தந்தையோடு விருந்தினராக வந்திருந்த லோ குவோ பர்ன் என்ற இளைஞர் தம் கேமராவில் அதைப் பதிவு செய்தார். உயர் நீதிபதிகளின் நியமனத்தையும் பதவி உயர்வையும் யார் மூலம், எப்படி நகர்த்துவது என்பதுதான் அந்தப் பேச்சு. இடையிடையே வந்த 'கரெக்ட், கரெக்ட், கரெக்ட்' பின்னாளில் நாடெங்கும் கிண்டல் மொழியானது. ஆறு ஆண்டுகள் வெளிவராமல் இருந்த அந்தப் பதிவின் எட்டு நிமிடப் பகுதியை 2007 செப்டம்பர் 19 அன்று அன்வார் இப்ராகிம் வெளியிட்டார். ஒரே வாரத்தில் சுமார் இரண்டாயிரம் வழக்கறிஞர்கள் கறுப்பு உடையில் புத்ராஜெயாவில் பிரதமர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள்.

அந்த இளைஞர் செய்ததை இன்றைய சட்டத்தில் வைத்துப் பாருங்கள். அவர் அழைக்கப்பட்ட விருந்தினர், அத்துமீறி நுழையவில்லை. தொலைபேசிக் கம்பியில் கைவைக்கவில்லை. அறையில் காதில் விழுந்ததையே பிடித்தார். ஆனால் அந்த உரையாடலில் அவர் ஒரு தரப்பு அல்ல. 234ஆம் பிரிவின் அகலமான விளக்கத்தை அரசுத் தரப்பு இறுக்கிப் பிடித்திருந்தால், 1999 முதலே நடப்பில் இருந்த அந்தச் சட்டத்தின் கீழ் அவர் வாதாட வேண்டி வந்திருக்கும். வீடு என்ற இடத்தின் அந்தரங்கத்தை மீறியதாக உரிமையியல் வழக்கும் வந்திருக்கலாம். அதே சமயம், அவர் எடுக்காவிட்டால் நீதித்துறையின் அடித்தளத்தைத் தொடும் உண்மை ஒன்று வேறு எந்த வழியிலும் வெளிவந்திருக்காது. இந்த இரண்டையும் சேர்த்து எடைபோட அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை.

பதிவு வெளியானதும் அரசின் முதல் கேள்வி என்னவாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அன்றைய ஊழல் தடுப்பு நிறுவனம், பதிவையும் அது வந்த வழியையும் கேட்டுச் சிவராசாவுக்கும் அன்வாரின் உதவியாளர் சிம் ட்சே ட்சினுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. காணொளி உண்மையானதா என்று ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது. ஆனால் சாட்சிகளை வரவழைக்கவோ அவர்களுக்குப் பாதுகாப்பு தரவோ அந்தக் குழுவுக்குச் சட்ட அதிகாரம் இல்லை. பாதுகாப்பு இல்லாத இடத்துக்கு எடுத்தவர் எப்படி வருவார்? 2008 தொடக்கத்தில் அரச விசாரணை ஆணையம் அமர்ந்த பிறகுதான் லோ சாட்சி சொன்னார். தோற்றமும் குரலும் தம்முடையவை போல இருக்கின்றன என்ற அளவுக்கு மட்டும் லிங்கம் ஒப்புக்கொண்டார். பதிவு உண்மையானது, பேசியவர் லிங்கம்தான் என்று ஆணையம் முடிவு செய்தது. அவர் உட்பட ஆறு பேர் மீது மேல்விசாரணைக்குப் பரிந்துரைத்தது. பதிவின் பேச்சுக்காக அந்த ஆறு பேரில் ஒருவர்கூட நீதிமன்றக் கூண்டில் நிற்கவில்லை. 2015-இல் லிங்கத்தின் பெயர் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. லோ 2008 தேர்தலில் கெலானா ஜெயா நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் தப்பியது அரசியல் காற்று மாறியதால். சட்டம் காத்ததால் அல்ல.

2010 டிசம்பரில் நடப்புக்கு வந்த தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு கதவுதான்: காவல்துறை, ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் சொல்பவருக்கு மட்டுமே பாதுகாப்பு. செய்தியாளரிடம் சொன்னாலோ முகநூலில் போட்டாலோ இல்லை. 2025-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோதும் ஊடகத்திடம் சொல்பவரை உள்ளே சேர்க்கவில்லை. புகாருக்கு ஆளானவர் அந்த அமைப்பைவிட வலுவானவராக இருந்தால் என்ன செய்வது? அரசியல்வாதி ரஃபிஸி ரம்லியின் வழக்கில் அதைப் பார்த்தோம். தேசிய ஃபீட்லோட் என்ற மாட்டுப்பண்ணை நிறுவனத்தின் கணக்கு விவரங்களை வெளியிட்டதற்காக அவர் மீதும், விவரத்தைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வங்கி எழுத்தர் ஒருவர் மீதும் 2012-இல் வங்கிச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டது. 2018 பிப்ரவரியில் இருவருக்கும் முப்பது மாதச் சிறை. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடையில் ஓடிய ஏழாண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. ரஃபிஸிக்குக் கட்சியும் வழக்கறிஞர் கூட்டமும் இருந்தன. அந்த எழுத்தருக்கு என்ன இருந்தது?

ஆல்பர்ட் தெய் வழக்கு இன்னொரு பாடம். சபா மாநிலத்தில் கனிம ஆய்வு உரிமம் தொடர்பாக அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்ததாகச் சொன்ன இந்தத் தொழிலதிபர், அவர்களோடு பேசியதை ஒளிந்து பதிவு செய்தார். 2024 நவம்பரில் மலேசியாகினி அந்தக் காணொளிகளை வெளியிடத் தொடங்கியது. 2025 ஜூன் 30 அன்று கோத்தா கினபாலு செஷன்ஸ் நீதிமன்றத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரோடு அவரும் குற்றம் சாட்டப்பட்டார்: லஞ்சம் கொடுத்ததாக. ஊழல் தடுப்புச் சட்டத்தில் வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே தண்டனை, இருபதாண்டு வரை சிறை. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, தூண்டிச் சிக்கவைத்தவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவரின் சாட்சியத்தை நம்பத்தகாதது என்று ஒதுக்கக் கூடாது என்கிறது. அது அவருடைய சாட்சியத்துக்கான மதிப்பு மட்டுமே. அவருடைய விடுதலைக்கு உத்தரவாதம் அல்ல. தெய் தன்னலத்துக்காகவே எல்லாம் செய்தார் என்பது ஊழல் தடுப்பு ஆணையத்தின் பார்வையாக இருக்கலாம். நோக்கத்தைத் தீர விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒரு குடிமகன் இதிலிருந்து அறிய வேண்டியது நேரானது: கேமராவுக்காகக் கொடுத்தாலும் பணம் பணமே. சிக்கவைப்பதற்காக ஒரு ரிங்கிட் நீட்டினாலும் பதிவு செய்தவர் குற்றவாளிக் கூண்டின் ஓரத்துக்கு வந்துவிடுகிறார்.

இந்தியா இதே கேள்வியில் இரண்டு விதமாக யோசித்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய உறுப்பினர்களை அனிருத்தா பஹலின் குழு 2005-இல் படம் பிடித்தது. பதினோரு பேர் பதவி இழந்தார்கள். பிறகு டில்லி காவல்துறை பஹல் மீதே வழக்குப் போட்டது. 2010-இல் டில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஊழலை வெளிக்கொணர்வது குடிமகனின் கடமையோடு சேர்ந்தது என்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, மத்திய அமைச்சர் திலீப் சிங் ஜூதேவைச் சிக்கவைத்த காணொளி தொடர்பான ரஜத் பிரசாத் வழக்கில், பதிவு செய்ய ஏற்பாடு செய்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்தது. அரசியல் எதிரியை வீழ்த்தும் திட்டமா, பொது நலனா என்பது விசாரணையில்தான் தெரியும் என்பது அதன் நிலை. இரண்டு தீர்ப்பும் முரண்படுவதுபோல் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோக்கம் ஒரு கேள்வியாகவாவது அங்கே நீதிமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. இங்கே அதுவும் இல்லை.

வேலைக்குச் சேர்வதுபோல் சேர்ந்து உள்ளிருந்து படம் பிடிப்பவர்கள் அமெரிக்காவின் ஃபுட் லயன் வழக்கை அறிந்திருப்பது நல்லது. ஏபிசி தொலைக்காட்சியின் தயாரிப்பாளர்கள் பொய்த் தகவல் கொடுத்துப் பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்து, கெட்டுப்போன இறைச்சி விற்கப்படுவதாகக் காட்டினார்கள். அந்த நிறுவனம் செய்தி பொய் என்று வழக்குப் போடவில்லை. ஏமாற்றி நுழைந்தார்கள், ஊழியருக்குரிய விசுவாசத்தை மீறினார்கள் என்றுதான் போட்டது. 1997-இல் ஜூரி ஐம்பத்தைந்து லட்சம் டாலர் தண்ட இழப்பீடு விதித்தது. 1999-இல் மேல் நீதிமன்றம் மொத்தத்தையும் இரண்டே டாலராகக் குறைத்தது. தொகை சுருங்கியது; தவறு என்ற முடிவு நின்றது. நம் ஊரிலும் தொழிற்சாலையில் கைப்பேசிக்குத் தடை இருந்தால், இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், உள்ளே கண்ட அநியாயம் உண்மையாகவே இருந்தாலும் வேலை போகலாம், வழக்கும் வரலாம். அரசு ஊழியருக்கு இன்னும் கடுமை. பணியில் கிடைத்த தகவலை வெளியிட்டால் தண்டனைச் சட்டத்தின் 203ஏ பிரிவில் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ. இரகசியம் என்று முத்திரையிட்ட ஆவணம் திரையில் தெரிந்துவிட்டால் 1972 அதிகாரபூர்வ இரகசியச் சட்டத்தில் ஓராண்டுக்குக் குறையாத சிறை.

வெளியிடும் கட்டத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பஹாங்கின் ரவூப் வட்டாரத் தங்கச் சுரங்கத்தைப் பற்றிக் கிராம மக்களின் அச்சத்தைச் செய்தியாகவும் காணொளியாகவும் வெளியிட்ட மலேசியாகினி, 2021 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தோற்று, செலவோடு சேர்த்து ஐந்தரை லட்சம் ரிங்கிட் கட்ட வேண்டியதாயிற்று. அனுபவமுள்ள ஊடகத்துக்கே இந்தக் கதி என்றால், ஒளிந்து எடுத்ததை எதிர்த்தரப்பின் விளக்கம் கேட்காமல் பதிவேற்றும் தனிமனிதர் எங்கே நிற்பார்? 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் புண்படுத்தும் இணையப் பதிவுகளைத் தண்டிக்கும் 233ஆம் பிரிவின் அபராத உச்சவரம்பை ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. 2020 ஜூலையில் அல் ஜசீராவின் ஆவணப்படம் ஊரடங்குக் காலத்தில் அந்நியத் தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தைக் காட்டியபோது, திரைப்படத் தயாரிப்புக்கான 1981-ஆம் ஆண்டின் ஃபினாஸ் சட்டப்படி உரிமம் இருந்ததா என்ற கேள்வியைத்தான் அரசு எழுப்பியது. சமூக ஊடகத்துக்கு எடுப்பவருக்கும் உரிமம் தேவை என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. ஆனால் அப்போது அந்தச் சட்ட வாசகம் மாறவில்லை. அந்தப் படத்தில் முகம் காட்டிப் பேசிய வங்காளதேச இளைஞர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படம் எடுத்தவரைவிடப் படத்தில் இருந்தவர்தான் அதிக விலை கொடுத்தார். தொழிலாளர் விடுதிகளைப் படம் எடுக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் நிறுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் எதிராக நேர்மையான ஆட்சேபங்கள் இருக்கின்றன. பொது நலன் என்ற ஒரு வாசலைத் திறந்தால், பழிவாங்க நினைப்பவர்களும் அதே வழியில் நுழைவார்கள் என்பது முதலாவது. 2007 ஆகஸ்டில் டில்லியில் ஒரு தொலைக்காட்சி, பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பாலியல் தொழிலில் தள்ளுவதாக இரகசியக் காணொளி காட்டியது. கும்பல் பள்ளியைச் சூழ்ந்து அவரைத் தாக்கியது, வேலையும் போனது. காணொளி பொய் என்று பிறகு தெரிந்தது. இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். அதனால்தான் கேட்பது பொதுவான விலக்கு அல்ல. நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய தற்காப்பு. பொறுப்பான பதவியிலோ பொது நலனைத் தொடும் தொழிலிலோ இருப்பவரின் தவறு, வேறு வழியில் பெற முடியாத சான்று, பதிவில் வெட்டு ஒட்டு இல்லாமை, தேவையற்ற அந்தரங்கத்தை மறைத்தல் ஆகியவற்றை நிரூபிக்கும் சுமை எடுத்தவர் தலையிலேயே இருக்கட்டும். டில்லி ஆசிரியை போன்றவர்களைப் பலியாக்குபவர் அந்தச் சோதனையில் முதல் படியிலேயே விழுவார்.

சட்டபூர்வமான வழி இருக்கும்போது ஒளிவதேன் என்பது இரண்டாவது. பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடப்பில் இருக்கிறது; சிலாங்கூரைத் தவிர அப்போது வேறெந்த மாநிலத்திலும் இப்படி ஒன்று இல்லை. பயன்படுத்த வேண்டிய சட்டம்தான். ஆனால் அது மாநில அமைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். கால்வாய்க் கழிவைக் கவனிக்கும் சுற்றுச்சூழல் துறை, விடுதியைச் சோதிக்கும் தொழிலாளர் துறை, குடிநுழைவுத் துறை, காவல்துறை எல்லாம் கூட்டரசின் கையில். அங்கே மாநிலச் சட்டம் எட்டாது. மேலும், எந்த விண்ணப்பத்துக்கும் ஒருவர் வாங்கிய லஞ்சத்தின் ஆவணம் பதிலாக வரப்போவதில்லை.

செயற்கை நுண்ணறிவால் குரலையும் முகத்தையும் போலியாகச் செய்ய முடிகிற காலத்தில் பதிவை நம்பலாமா என்பது மூன்றாவது. நம் சான்றியல் இதற்கு ஓரளவு ஆயத்தமாகவே இருக்கிறது. முறைகேடாகப் பெற்றது என்பதற்காக மட்டும் சான்றைத் தள்ளக் கூடாது என்பது பிரிவி கவுன்சில் தீர்த்த குருமா வழக்கிலிருந்து நாம் பின்பற்றும் விதி. 1998-இல் முகமட் அலி ஜாபார் வழக்கில் நீதிபதி அகஸ்டின் பால், ஒலிப்பதிவை ஏற்பதற்கான நிபந்தனைகளை வகுத்தார்: பதிவுக்கு முன் நாடா வெறுமையாக இருந்தது, கருவி சரியாக இயங்கியது, யாரும் கைவைக்கவில்லை, குரல்கள் அடையாளம் காணப்பட்டன என்று காட்ட வேண்டும். நாடா போய்க் கைப்பேசி வந்தாலும் தேவை அதேதான். எடுத்த கைப்பேசியை மாற்றாமல், மூலக் கோப்பை வெட்டாமல் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கிவிடும். எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் கழன்றுவிடும். பலர் மூலத்தை அழித்துவிட்டு அந்த நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். ஆக, ஒளிந்து எடுத்த பதிவை நீதிமன்றம் சான்றாக வாங்கிக்கொள்கிறது. கொண்டுவந்தவரைக் காக்க மட்டும் அதன் கையில் சட்டம் இல்லை. இந்த நிலை நியாயமல்ல.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டத்தில், அமலாக்க அமைப்பு நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காதபோது ஊடகத்திடம் சொல்பவரையும் சேர்க்க வேண்டும். 203ஏ, 234 ஆகிய இரு பிரிவுகளிலும் பொது நலத் தற்காப்பை எழுத வேண்டும். பினாங்கிலிருந்து நாடாளுமன்றம் போன நம் உறுப்பினர்களில் பலர், லிங்கம் காணொளி எழுப்பிய அலையில் வளர்ந்தவர்கள். இந்தத் திருத்தத்தை முன்மொழியும் கடமை அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல்.

அதுவரை, கையில் ஒரு பதிவை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு என் வேண்டுகோள். நீங்கள் பேசிய உரையாடலை மட்டும், நீங்கள் இருக்க உரிமையுள்ள இடத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். சிக்கவைப்பதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். தொழிலாளியின் முகத்தையும் அடையாளத்தையும் மறைக்காமல் எதையும் வெளியே விடாதீர்கள். பதிவேற்றும் பொத்தானைத் தொடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணத்துக்கு வழியில்லாதவர்களுக்காக ஜார்ஜ்டவுனில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது.